காலையில் மட்டும் சுடுதண்ணீர் வருவதில்லை: புதிய ஹீற்றர் வாங்கத்தான் வேண்டுமா?

உப்புவெளி மகன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு உப்புவெளியில், கடற்கரைக்குப் போகும் வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. கீழ்த்தளமும் மேலே இரண்டு அறைகளும் கொண்ட வீடு. மேல் சிலாப்பில் ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்று உண்டு. கிணற்று நீரை மோட்டர் போட்டு அதற்கு ஏற்றுகிறோம். குடிக்கவும் சமைக்கவும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்நீர் சமையலறைக்கு நேரடியாக வருகிறது. மேல்மாடிக் குளியலறையின் சுவரில் 50 லீற்றர் கொள்ளளவும் 2 கிலோவாற் வலுவும் உள்ள மின்சார ஹீற்றர் பொருத்தப்பட்டிருக்கிறது. மேல், கீழ் இரண்டு குளியலறைகளுக்கும் சுடுதண்ணீர் அதிலிருந்துதான் போகிறது.

திருகோணமலையில் சுடுதண்ணீர் எதற்கு என்று கச்சான் காற்றுக் காலத்தில் யாரும் கேட்கலாம். ஆனால், வாடைக்காற்றும் மழையும் தொடங்கிய பின்னர் விடியற்காலையில் எண்பது வயதைத் தாண்டிய அம்மாவைப் பச்சைத்தண்ணீரில் குளிக்கச் சொல்ல முடியாது. அவருக்கு மூட்டுவாதமும் இருப்பதால், இம்முறை மழைக்கு முன்னரே கீழ்க் குளியலறையில் சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து விடும், இரண்டு திருகுகள் கொண்ட புதிய மிக்சர் ஒன்றையும், கையில் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும் சவர் ஒன்றையும் பொருத்திக் கொடுத்தோம். அந்த வசதியை அவர் அனுபவிக்கத் தொடங்கிய காலத்திலேயே சுடுதண்ணீர் மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டது.

அதிகாலை ஐந்து மணிக்கு ஹீற்றரைப் போட்டால் ஆறரை மணிக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வருகிறது. ஹீற்றரின் சிவப்பு விளக்கும் அணைவதில்லை. மாலையில் போட்டால், ஒரு மணித்தியாலமளவில் விளக்கு அணைந்துவிடுகிறது. தண்ணீரும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய சூட்டுடன் வருகிறது. வந்து பார்த்த மின்வேலைக்காரர் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்றையும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ரற்றையும் மாற்றினார். எந்த மாற்றமும் இல்லை. அடுத்து வந்தவர், ஹீற்றர் பழசாகிவிட்டது, புதியது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வாங்குவதற்கு முன்னர் இங்கு கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒரே ஹீற்றர் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் இன்னொரு விதமாகவும் வேலை செய்ய முடியுமா?

தம்பலகாமம் மின்வேலை:

தற்போதைக்கு வாங்க வேண்டாம், ஐயா. உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. மாலையில் விளக்கு அணைகிறது என்றால், உள்ளே இருக்கும் தண்ணீர் தேமோஸ்ரற்றில் வைத்த சூட்டை எட்டிவிட்டது, அதனால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது என்று பொருள். எலிமென்ற் எரிந்திருந்தாலோ உயர்வெப்பப் பாதுகாப்புச் சுவிச் விழுந்திருந்தாலோ காலை, மாலை என்ற வேறுபாடு இராது. எந்நேரமும் பச்சைத்தண்ணீர்தான் வரும். எனவே முதலாமவர் மாற்றிய இரண்டு பொருட்களும் மாற்ற வேண்டியவையாக இருந்திருக்க வாய்ப்பில்லை. மாற்றுவதற்கு முன்னர் மின்சாரத்தை முற்றாக நிறுத்தி, மல்டிமீற்றரால் எலிமென்றின் இரு முனைகளையும் அளந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். 230 வோல்ற்றுக்கான 2 கிலோவாற் எலிமென்ற் ஏறத்தாழ 26 ஓம் காட்ட வேண்டும், 1.5 கிலோவாற் என்றால் 35 ஓம் அளவில் இருக்கும். முடிவிலி காட்டினால் அது எரிந்துவிட்டது.

நேரத்தையும் கணக்குப் பார்க்கலாம். 50 லீற்றர் தண்ணீரை 27 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்கு ஏற்றுவதற்கு ஏறக்குறைய 1.9 அலகு மின்சாரம் தேவை. 2 கிலோவாற் எலிமென்ற் அதனை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடும். உங்கள் மாலைநேர அனுபவம் இந்தக் கணக்குடன் அச்சொட்டாகப் பொருந்துகிறது. அப்படியானால், ஹீற்றர் தன் வேலையைச் செய்கிறது. காலையில் அது கொடுக்கும் சூடு வேறெங்கோ போகிறது என்றே நான் சந்தேகிக்கிறேன்.

காலையில் வோல்ற்றேஜ் குறைவாக இருக்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். வலு வோல்ற்றேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் 230 வோல்ற்று 207 ஆகக் குறைந்தாலும் உங்கள் எலிமென்ற் 1.6 கிலோவாற்றுக்கு மேல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு மணித்தியால வேலை ஒன்றேகால் மணித்தியாலமாகும், அவ்வளவுதான். வெதுவெதுப்புக்கு அது காரணமாகாது.

இன்னொன்று. ஹீற்றரைத் திறந்து வேலை செய்தவர் எர்த் வயரைத் திரும்பச் சரியாக இறுக்கினாரா என்பதை ஒரு முறை பார்த்துவிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சின் பரிசோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்; அது உடனே விழ வேண்டும். குளியலறையில் இந்த இரண்டும்தான் உயிரைக் காப்பவை.

சாம்பல்தீவு வாசகர்:

எங்கள் பக்கத்துக் கிணற்று நீரை வைத்து ஒரு விடயம் சொல்ல விரும்புகிறேன். கடலோர மணல் நிலத்துக் கிணறுகளில் வெயில் காலத்தில் உவர்ப்பு ஏறும்; கல்சியமும் அதிகம். அந்த நீரைச் சூடாக்கும்போது சுண்ணாம்புப் படிவு எலிமென்றைச் சுற்றி ஓடுபோல் பிடித்துவிடும், சூடு கூடக் கூடப் படிவும் கூடும். அப்படிப் பிடித்த ஹீற்றரில் சூடாகும்போது ஓர் இரைச்சல் கேட்கும். உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பி, தாங்கியின் இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து தாங்கியைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டது. உவர் நீரில் அது விரைவில் முடிந்துவிடும். கம்பி முடிந்த பின்னர் தாங்கியே துருப்பிடிக்கத் தொடங்கும். எலிமென்றை மாற்றுவதற்காக உங்கள் ஹீற்றரைத் திறந்தபோது அந்தக் கம்பி எந்த நிலையில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆயினும், உங்கள் வீட்டில் நடப்பது படிவினால் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. படிவு நேரம் பார்த்து வேலை செய்யாது. உள்ளே பச்சைத்தண்ணீரை அடியில் கொண்டுபோய் விடும் குழாய் உடைந்திருந்தாலும் அறிகுறி வேறு மாதிரி இருக்கும்: முதல் கொஞ்சம் நல்ல சூடாக வந்து, பின்னர் மளமளவென்று ஆறிவிடும். உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுப்பாக வருகிறதா, அல்லது சூடாகத் தொடங்கி ஆறுகிறதா?

பாலையூற்றுப் பிளம்பர்:

மேலே இருவரும் சொன்னது சரி. நான் மின்சாரத்தை விட்டுவிட்டுக் குழாயைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் சொன்னவற்றில் என் காதில் விழுந்தது ஒன்றுதான்: பழுது தொடங்கிய காலமும் புதிய மிக்சர் வந்த காலமும் ஒன்று. அந்த மிக்சருக்குப் பச்சைத்தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது? மேல்தாங்கியிலிருந்தா, சபையின் குழாயிலிருந்தா? அம்மா குளித்து முடிந்ததும் இரண்டு திருகுகளையும் பூட்டுகிறாரா, அல்லது சவரின் பொத்தானை மட்டும் விடுகிறாரா? மோட்டர் போடாத நேரத்தில், முக்கியமாக விடியற்காலையில், மேல்தாங்கியின் மிகைநீர்க் குழாயால் தண்ணீர் வழிகிறதா?

பதில் தெரியாவிட்டால் ஒரு சோதனை செய்யுங்கள். நாளை விடியற்காலையில், ஹீற்றரைப் போடுவதற்கு முன்னர், அதன் சுவிச் அணைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, மேல்தாங்கியிலிருந்து ஹீற்றருக்கு வரும் பச்சைத்தண்ணீர்க் குழாயின் வால்வைப் பூட்டுங்கள். கீழ்க் குளியலறையில் எதையும் தொட வேண்டாம், அம்மா விட்டபடியே இருக்கட்டும். மேல்மாடி முகம்கழுவும் தொட்டியில் சுடுதண்ணீர்த் திருகை மட்டும் திறவுங்கள். குழாயில் தேங்கியிருந்தது சிறிது வந்து நின்றுவிட வேண்டும். ஹீற்றருக்குள் புதுத் தண்ணீர் போக வழியில்லாதபோது, அதிலிருந்து வெளியே வரவும் வழியில்லை. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அந்தத் தண்ணீர் ஹீற்றரால் வரவில்லை. வீட்டின் எங்கோ ஓரிடத்தில் பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் புகுந்துகொண்டிருக்கிறது. பிறகு வால்வைத் திறந்து, தண்ணீர் சரியாக வருகிறது என்று கண்ட பின்னரே ஹீற்றரைப் போடுங்கள்.

உப்புவெளி மகன்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுப்புத்தான், இடையில் ஆறுவதில்லை. மக்னீசியக் கம்பியைப் பற்றி வந்தவரிடம் கேட்டேன், பாதிக்கு மேல் கரைந்திருந்தது என்றும் அதையும் மாற்றிவிட்டதாகவும் சொன்னார். எர்த் வயர் சரியாக இருக்கிறது, ட்ரிப் சுவிச்சும் விழுகிறது.

பிளம்பர் ஐயா சொன்ன சோதனையை இன்று விடியற்காலையில் செய்தேன். ஹீற்றரின் வால்வைப் பூட்டிய பின்னரும் மேல்மாடிச் சுடுதண்ணீர்த் திருகால் தண்ணீர் நிற்காமல், அதுவும் வழக்கத்தைவிட வேகமாக வந்தது. கீழே போய் மிக்சரின் இரண்டு திருகுகளையும் பூட்டினேன். மேலே தண்ணீர் நின்றுவிட்டது. திரும்பத் திறந்தேன், திரும்ப வந்தது. என் மனைவி மேலே நின்று "வருது, நிண்டிட்டுது" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்ததில் பக்கத்து வீட்டாரும் எழுந்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்: கீழ்க் குளியலறையும் சமையலறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்வதால், கிட்ட இருக்கிறதென்று மிக்சருக்கான பச்சைத்தண்ணீர் சமையலறையின் சபைக் குழாயிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கிறது. அம்மாவால் திருகுகளைத் திருக முடியாது. ஆகவே அவருக்கு ஏற்ற சூட்டில் இரண்டையும் வைத்துவிட்டு, பொத்தானை மட்டும் பாவிக்கும்படி நாங்கள்தான் சொல்லியிருந்தோம். மேல்தாங்கியும் வழிகிறது. மிதவை வால்வு பழுதென்றல்லவா நினைத்திருந்தோம்! நாங்கள் மோட்டரை மாலையில்தான் போடுகிறோம், வழிவது விடியற்காலையில். இவ்வளவையும் அம்மாவிடம் விளக்கியபோது, "ஏழு வெந்நீர்க் கிணறும் கன்னியாவில கிடக்க, இந்த ஊரில சுடுதண்ணிக்கு இத்தனை பேர் மினக்கெடுறீங்களே" என்றார்.

பாலையூற்றுப் பிளம்பர்:

அம்மா சொல்வதும் நியாயம்தான். விடயத்துக்கு வருகிறேன்.

உங்கள் சுடுதண்ணீர் மேல்தாங்கியிலிருந்து ஹீற்றர் வழியாக இறங்குகிறது. அதற்குள்ள அழுத்தம் தாங்கியின் உயரத்தால் மட்டுமே கிடைப்பது. பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் என்று கணக்கு, உங்கள் கீழ்க் குளியலறைக்கு அதில் பாதிதான் இருக்கும். பச்சைத்தண்ணீரோ சபையின் குழாயிலிருந்து நேரே வருகிறது. இரவில் ஊரெல்லாம் உறங்கும்போது யாரும் தண்ணீர் எடுக்காததால் அந்தக் குழாயில் அழுத்தம் ஏறும்; விடியும் முன்னர்தான் அது உச்சத்தில் இருக்கும். மிக்சரின் இரண்டு திருகுகளும் திறந்து, வெளியே போகும் வழியைச் சவரின் பொத்தான் அடைத்திருக்கும்போது, பச்சைத்தண்ணீர்க் குழாயும் சுடுதண்ணீர்க் குழாயும் மிக்சருக்குள்ளேயே ஒன்றாகிவிடுகின்றன. அழுத்தம் கூடிய பக்கம் குறைந்த பக்கத்தைத் தள்ளும். சபைத் தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாயால் மேலேறி, ஹீற்றரின் வெளிவழியால் உள்ளே புகுந்து, அங்கிருந்த சூட்டையும் வாரிக்கொண்டு, உள்வழியால் வெளியேறி மேல்தாங்கிக்குப் போகிறது. தாங்கி நிறைந்ததும் வழிகிறது. நீங்கள் ஐந்து மணிக்கு ஹீற்றரைப் போட்டபோது 50 லீற்றரைச் சூடாக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வாய்க்கால் ஒன்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தீர்கள். விளக்கு எப்படி அணையும்? மாலையில் எல்லா வீடுகளிலும் தண்ணீர் எடுக்கும்போது சபைக் குழாயின் அழுத்தம் குறைந்து, இந்தத் தள்ளல் நின்றுவிடுகிறது. நாளை சோதித்துப் பார்க்க விரும்பினால், தாங்கியிலிருந்து ஹீற்றருக்கு இறங்கும் குழாயை விடியற்காலையில் ஹீற்றர் போட்டிருக்கும்போது தொட்டுப் பாருங்கள். பச்சையாக இருக்க வேண்டிய அந்தக் குழாய் இளஞ்சூடாக இருக்கும்.

இன்றே செய்யக்கூடியது, செலவில்லாதது: அம்மா குளித்து முடிந்ததும் வேறு யாராவது போய் இரண்டு திருகுகளையும் பூட்டிவிடுங்கள். நாளைக் காலையிலேயே சுடுதண்ணீர் வரும்.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். எனக்குச் சுடுதண்ணீரைவிட இன்னொரு விடயம்தான் பெரிதாகப் படுகிறது. திருத்த வேலைக்காகச் சபை குழாயை நிறுத்தும் நாளில் இதே பாதை மறுபுறமாக வேலை செய்யும். அப்போது அழுத்தம் கூடிய பக்கம் உங்கள் மேல்தாங்கிதான். கிணற்று நீர் மிக்சரால் இறங்கி, முதலில் உங்கள் சமையலறைக் குடிநீர்க் குழாய்க்கும், அங்கிருந்து வீதிக் குழாய்க்கும் போகும். கந்தளாய்க் குளத்து நீரைச் சுத்திகரித்து, குளோரின் இட்டு இவ்வளவு தூரம் கொண்டுவந்து தருவது, மலகூடக் குழிக்குப் பக்கத்தில் இருக்கக்கூடிய ஒரு கிணற்றின் நீரோடு கலப்பதற்காக அல்ல. சபைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒரு வீட்டில் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக்கூடாது, வால்வு ஒன்றை நடுவில் வைத்தும் தொடக்கூடாது.

எனவே மிக்சருக்கான பச்சைத்தண்ணீரை மேல்தாங்கிக் குழாயிலிருந்தே எடுத்துவிடுங்கள். சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் ஒரே தாங்கியிலிருந்து வந்தால் இரண்டு பக்கமும் அழுத்தம் ஏறக்குறையச் சமமாகும், தள்ளல் இராது. மிக்சரின் இரண்டு நுழைவுகளிலும் சிறிய ஒருவழி வால்வுகளைப் பொருத்திவிட்டால், திருகுகள் திறந்தபடியே கிடந்தாலும் ஒன்று மற்றதற்குள் போகாது. அம்மாவும் தன் பொத்தானை நிம்மதியாகப் பாவிக்கலாம்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஹீற்றரின் உள்வழியில் பாதுகாப்பு வால்வு ஒன்று, பக்கத்தில் சிறிய நெம்புகோலோடு, இருக்க வேண்டும். அது இருந்திருந்தால் தண்ணீர் ஹீற்றரால் பின்னோக்கிப் போயிருக்க முடியாது. இருக்கிறதா?

உப்புவெளி மகன்:

இருந்தது, இப்போது இல்லை. சூடாகும்போது சொட்டுகிறது என்று முன்பு வந்த ஒருவர் அதைக் கழற்றி, நேர்க் குழாயால் இணைத்துவிட்டார். அந்த இடத்தில் கடையில் கிடைக்கும் சாதாரண ஒருவழி வால்வு ஒன்றைப் போட்டுவிட்டால் போதுமா?

பாலையூற்றுப் பிளம்பர்:

போதாது, தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். இன்றிரவு இதைப் படிக்கும் வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக விளக்கமாகவே எழுதுகிறேன்.

தண்ணீர் சூடாகும்போது விரியும். 50 லீற்றர் 60 பாகைக்கு ஏறும்போது அரை லீற்றருக்கும் மேல் கூடும். தற்போது உங்கள் ஹீற்றரில் வால்வே இல்லாததால், கூடிய தண்ணீர் வந்த வழியே மேல்தாங்கிக்குத் திரும்பிவிடுகிறது. தற்செயலாக நடந்தாலும் அது ஒரு பாதுகாப்புத்தான். நீங்கள் வெறும் ஒருவழி வால்வைப் பொருத்தினால் அந்த வழி அடைபடும். திருகுகள் எல்லாம் பூட்டியிருக்கும்போது, கூடும் தண்ணீருக்குப் போக்கிடம் இராது. அழுத்தம் ஏறும், முதலில் இணைப்புகள் ஒழுகும். அதே நேரத்தில் தேமோஸ்ரற்றும் உயர்வெப்பச் சுவிச்சும் பழுதானால், தாங்கி வெடிக்கவும் கூடும். ஹீற்றரோடு வரும் பாதுகாப்பு வால்வு இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது: தண்ணீரைத் திரும்பிப் போகவிடாது, அழுத்தம் அளவை மீறினால் தானே திறந்து வெளியே விடும். அதனால்தான் சூடாகும்போது அது சொட்டுகிறது. சொட்டுவது அதன் பழுதல்ல, அதன் தொழில். அந்தத் துளிகளைச் சிறிய குழாயொன்றால் தரைவடிகாலுக்கு இறக்கிவிட வேண்டுமே தவிர, வால்வைக் கழற்றக் கூடாது; வாயை அடைக்கவும் கூடாது. உங்கள் ஹீற்றரின் பெயர்த்தகட்டில் குறித்துள்ள அழுத்தத்துக்குப் பொருந்தும் புதிய வால்வை வாங்கி, அதன் உடலிலுள்ள அம்புக்குறி ஹீற்றரைப் பார்க்கும்படி பொருத்துங்கள். உங்கள் கிணற்று நீருக்கு, மாதத்துக்கு ஒரு முறையாவது நெம்புகோலைத் தூக்கிச் சிறிது தண்ணீரை விட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் சுண்ணாம்பு பிடித்து இறுகிவிடும்.

ஓர்ஸ் ஹில் ரீச்சர்:

இந்த உரையாடலை ஆவலோடு படித்தேன். எங்களிடம் இருப்பது கண்ணாடிக் குழாய்கள் கொண்ட சூரிய வெப்ப ஹீற்றர். அதுவும் ஆண்டு முழுவதும் குறையில்லாமல் வேலை செய்துவிட்டு, கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் மட்டும் கைவிடுகிறது. மழை முகில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் நல்ல வெயில் அடித்த நாளின் மாலையிலும் தண்ணீர் பெரிதாகச் சூடாவதில்லை. இங்கு மிக்சர் எதுவும் இல்லை. ஒரே தாங்கி, ஒரே குழாய். இதற்கும் ஏதாவது சோதனை உண்டா?

தம்பலகாமம் மின்வேலை:

உண்டு, ரீச்சர். வெயில் அடிக்கும் நாளொன்றில் காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று ஆகிய நேரங்களில் மேலே ஏறிக் கண்ணாடிக் குழாய்களில் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். திருகோணமலை 8.5 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் எங்கள் உச்சிக்கு மேலே நிற்கும். ஜூனில் சற்று வடக்கே போகும். டிசம்பர் கடைசியில் தெற்கே சாய்ந்து, நண்பகலிலேகூடத் தொடுவானத்திலிருந்து 58 பாகை உயரத்தில்தான் இருக்கும், காலையிலும் மாலையிலும் அதைவிட மிகவும் தாழ்ந்து தென்கிழக்கிலும் தென்மேற்கிலும் நிற்கும். உங்கள் ஹீற்றருக்குத் தெற்கே ஒரு மாமரம் வளர்ந்திருந்தாலோ பக்கத்து வீட்டார் மேலும் ஒரு மாடி கட்டியிருந்தாலோ, வருடத்தின் மற்ற மாதங்களில் அது கண்ணில் படாது. இந்த மூன்று மாதங்களில் மட்டும் நிழல் போடும். ஹீற்றர் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கூரையின் சாய்வு வசதியாக இருந்தது என்று வடக்கு நோக்கி வைத்துவிட்டுப் போன இடங்களையும் கண்டிருக்கிறேன்.

மேலே ஏறும்போது ஒவ்வொரு குழாயின் மூடிய முனையையும் கவனியுங்கள். வெள்ளிபோல் மினுங்கும் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால், அந்தக் குழாயின் வெற்றிடத்துக்குள் காற்றுப் புகுந்துவிட்டது. அது உழைக்காது, மாற்ற வேண்டும். மாற்றுவதை விடியற்காலையில் அல்லது இரவில் செய்யச் சொல்லுங்கள். வெறுமையாக வெயிலில் காய்ந்த குழாய்க்குள் நண்பகலில் பச்சைத்தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடித்துவிடும்.

ஓர்ஸ் ஹில் ரீச்சர்:

மாமரம் அல்ல, தென்னை. அதுவும் சரியாகத் தெற்கே இரண்டு நிற்கின்றன. நாங்கள் வைத்தபோது கையெட்டும் உயரத்தில் இருந்தவை! தென்னையை வெட்ட மனமில்லை. ஹீற்றரைச் சிலாப்பின் மறுகரைக்கு மாற்றலாமா என்று பார்க்கிறோம். வடிவாக விளங்கப்படுத்தியதற்கு நன்றி.

உப்புவெளி மகன்:

வேலை முடிந்துவிட்டது. மிக்சரின் பச்சைத்தண்ணீர் இப்போது மேல்தாங்கியிலிருந்து வருகிறது, சமையலறைக் குழாயிலிருந்த கிளையைக் கழற்றி மூடியிட்டு அடைத்துவிட்டோம். இரண்டு ஒருவழி வால்வுகளும், ஹீற்றருக்குப் புதிய பாதுகாப்பு வால்வும் போட்டாயிற்று. அது சொட்டுகிறது, வடிகாலுக்குப் போகிறது. விடியற்காலையில் ஹீற்றர் விளக்கு ஒரு மணித்தியாலத்தில் அணைகிறது. தாங்கி வழிவதும் நின்றுவிட்டது.

இரண்டு சிறிய விடயங்கள் மிஞ்சியிருக்கின்றன. சவரில் தண்ணீரின் வேகம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. சூடோ இப்போது அதிகமாகவே இருக்கிறது. அம்மா பொத்தானை அழுத்தியதும் கையை இழுத்துக்கொள்கிறார்.

பாலையூற்றுப் பிளம்பர்:

வேகம் குறைந்தது எதிர்பார்த்ததுதான். முன்பு சபைக் குழாயின் அழுத்தம் உங்களுக்கு இனாமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அதற்காகப் பம்ப் பொருத்த வேண்டாம். கையில் பிடிக்கும் சவரைக் கழற்றி, உள்ளே இருக்கும் சிறிய வடியைக் கழுவிப் பாருங்கள், புதுக் குழாய் வேலை முடிந்த வீட்டில் மணலும் பிளாஸ்ரிக் சீவலும் அதில்தான் வந்து நிற்கும். அதற்குப் பிறகும் போதாதென்றால், தாழ்ந்த அழுத்தத்துக்கென்று பெரிய துளைகளோடு விற்கும் சவரைக் கேட்டு வாங்குங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை, தேமோஸ்ரற்றை 50 பாகைக்குக் குறைத்துவிடுங்கள். 60 பாகைத் தண்ணீர் பட்டால் முதியவர்களின் மெல்லிய தோல் சில விநாடிகளிலேயே வெந்துவிடும். மிக்சரின் சுடுதண்ணீர்த் திருகையும் பழைய இடத்தில் விடாமல் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். முன்பு நீங்கள் அதை வைத்தது வெதுவெதுப்பான தண்ணீருக்கு. பச்சைத்தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டு, சுடுதண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி, உங்கள் முழங்கையில் விட்டுப் பார்த்த பின்னர் அம்மாவிடம் கொடுங்கள்.